அந்த அம்மா வராத நாளில் நிம்மதியாக இருந்தது

கேள்வி: மேடம், நான் ஆக்குபேஷனல் தெரபி (சாப்பிடுவது, உட்காருவது போன்ற அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்தவள். வயது 29. தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஐந்து வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். தொகுப்பூதியம்தான். வருடா வருடம் புதுப்பிப்பார்கள். ஒரு நாளைக்கு இருபது குழந்தைகள் வரை வருகிறார்கள். ஒருவருக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் கொடுத்தாலே பெரிது. முகாம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆன்லைன் என்ட்ரி என்று பல நாட்கள் போய்விடுகின்றன. டாக்டர்கள் சீட்டில் ‘எக்ஸர்சைஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். என் ஜூனியர் சென்னையில் தனியார் சென்டரில் என்னைப் போல் இரண்டு மடங்கு வாங்குகிறாள். இன்னொருத்தி இங்கிலாந்து போய்விட்டாள். வீட்டில் ‘கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, என்றைக்காவது பெர்மனென்ட் ஆகும், விடாதே’ என்கிறார்கள். குழந்தைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் போன வாரம், இரண்டு பஸ் மாறி வரும் ஒரு அம்மா வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நிம்மதி, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. இருபது பேர் காத்திருக்கும் நாளில் ஒருவர் குறைந்தால் யாருக்கும் மூச்சு வரும். அதற்காக உங்கள் மனசு கல்லாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அப்படி ஆகியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் இதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. வேலைச் சோர்வை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற உளவியலாளர்கள் 1981ல் வெளியிட்ட அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் ‘கேஸ்’ ஆகப் பார்க்கத் தொடங்குவது, நான் செய்வதால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். முதலாவதும் மூன்றாவதும் உங்கள் கடிதம் முழுக்க இருக்கின்றன. இரண்டாவது இன்னும் வரவில்லை. அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வருகிறார் என்பது உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேலை திருப்தி என்று பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. பால் ஸ்பெக்டர் என்ற உளவியலாளர் 1985ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். மொத்தம் 36 கேள்விகள், ஒன்பது தலைப்புகள்: சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சலுகைகள், பாராட்டு, அலுவலக நடைமுறைகள், கூட வேலை செய்பவர்கள், வேலையின் இயல்பு, தகவல் தொடர்பு. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இந்த ஒன்பதுக்கும் நானே மார்க் போட்டுப் பார்த்தேன். வேலையின் இயல்புக்கு நல்ல மார்க். சக ஊழியர்களைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. சம்பளம், பதவி உயர்வு, சலுகைகள் மூன்றும் அடிமட்டம். நடைமுறைகளும் பாராட்டும் அதற்குக் கொஞ்சம் மேலே. பொது மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளை பல நாடுகளில் கேட்டாலும் பெரும்பாலும் இதே வடிவம்தான் வருகிறது. நோயாளிகளோடு செய்யும் வேலை பிடிக்கிறது, சம்பளமும் முன்னேற்றமும் பிடிப்பதில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மனநலப் பிரிவுகளில் இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், தங்கள் தொழிலைச் செய்யவிடாமல் எல்லா வேலைக்கும் ஓடும் பொது ஊழியராக மாற்றிவிடுகிறார்கள் என்று பல வருடமாகப் புலம்புகிறார்கள். உங்கள் ‘அடையாள அட்டை என்ட்ரி’யும் அதே குறையின் நம் ஊர் உருவம்தான்.

ஆகவே லாயக்கா இல்லையா என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் மனக்குறை இரண்டு. கற்ற தொழிலைச் செய்ய முடியவில்லை என்பது ஒன்று. செய்த வேலைக்குக் கூலியும் உத்தரவாதமும் இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘விட்டுவிடலாமா’ என்று கேட்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால், முதலாவதில் பாதியை நீங்களே சரிசெய்யலாம். இரண்டாவது உங்கள் கையில் இல்லை. அதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும்.

முதலில் தொழில்.

பத்து நிமிடத்தில் தெரபி செய்ய முடியாதுதான். ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு அம்மாவுக்கு ஒரு காரியத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க முடியும். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. 2009ல் ஆஸ்திரேலியாவில் இயோனா நோவாக் குழுவினர் மூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே செய்யும் ஆக்குபேஷனல் தெரபித் திட்டத்தைச் சோதித்தார்கள். பெற்றோர் மாதத்துக்குச் சராசரியாகப் பதினேழு முறை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் செய்தார்கள். எட்டு வாரத்திலேயே குழந்தைகளின் செயல்பாட்டில் வித்தியாசம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்டது. அதில் எனக்குப் பிடித்தது, பெற்றோரும் தெரபிஸ்டும் சேர்ந்து இலக்கைத் தீர்மானித்தது. நம் மையங்களில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. கையில் ஒரு படம் போட்ட தாளைக் கொடுத்து, ‘தினமும் மூணு வேளை பண்ணுங்கம்மா’ என்று அனுப்பிவிடுகிறோம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பு பற்றவைக்கும் அம்மா எந்த மூன்று வேளையில் செய்வார்?

கனடாவில் நம் தொழில்காரர்கள் உருவாக்கிய ‘கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர்’ கல்லூரியில் படித்திருப்பீர்கள். வீட்டு வாழ்க்கையில் எது கஷ்டம் என்று குடும்பத்தையே கேட்டு, முக்கியமான ஐந்து வரை எடுத்து, எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் கேட்பது. பிறகு மறுபடி கேட்கும்போது இரண்டு மார்க் ஏறினால் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம். படிவம் விலைக்கு வாங்க வேண்டியது. உங்கள் ஆஸ்பத்திரி வாங்கித் தராது, அதற்கு இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கேள்வியைக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு குழந்தையின் அம்மாவிடமும் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘மூணு மாசத்துல எது ஒண்ணு மாறினா உங்களுக்கு வீட்ல லேசா இருக்கும்?’ வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். நீங்கள் கழுத்து நிற்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அவர், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது பிள்ளை வில்லாக விறைக்காமல் இருந்தால் போதும் என்பார். தட்டில் இருக்கும் சோற்றை அவனே எடுத்துச் சாப்பிடணும் என்பார். பால்வாடி டீச்சர் ‘உட்கார மாட்டேங்கிறான், கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொல்லாமல் இருக்கணும் என்பார்.

அந்த ஒன்றை எடுத்து ஐந்து படியாக எழுதுங்கள். 1968ல் கிரெசுக், ஷெர்மன் இருவரும் கொண்டுவந்த ‘கோல் அட்டெயின்மென்ட் ஸ்கேலிங்’ முறை இதுதான். இதற்குக் காசில்லை. எதிர்பார்த்த நிலைக்குச் சுழியம், அதைவிட மேலே போனால் கூட்டல் ஒன்று, இரண்டு, கீழே நின்றால் கழித்தல் ஒன்று, இரண்டு. ‘ஐந்து வாய் தானே எடுத்துச் சாப்பிடுவான்’ என்பது சுழியம் என்றால், கையைத் தட்டுக்கே கொண்டுபோகாதது கழித்தல் இரண்டு. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதினால்கூடப் போதும். மூன்று மாதம் கழித்து அதே அம்மா வரும்போது, நீங்களும் அவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசுவீர்கள். ‘நான் செய்வதால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற எண்ணத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து இதுதான். தட்டிக்கொடுத்துப் பேசினால் அந்த எண்ணம் போகாது. எழுதிவைத்த ஆதாரம் இருந்தால் போகும்.

அப்புறம், இருபது பேரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? வாரத்தில் ஒரு நாள் குறித்து, ஒரே மாதிரியான ஐந்தாறு குழந்தைகளை அம்மாக்களோடு ஒரே நேரத்தில் பாயில் உட்காரவையுங்கள். மூளை வாதக் குழந்தைகளுக்கு உணவூட்டுவது ஒரு வாரம், தூக்குவதும் கிடத்துவதும் ஒரு வாரம், அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, குழந்தையைத் தாங்கி உட்காரவைக்கும் மூலை நாற்காலி செய்வது ஒரு வாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைவேலை என்றால் பல்லாங்குழியும் கடலை உரிப்பதும் பூ கட்டுவதும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கிட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். தனியாக வரும் அம்மா இரண்டு தடவை வந்து நின்றுவிடுவார். இன்னொரு அம்மாவோடு பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டு போகிறவர் மூன்றாவது தடவையும் வருவார். குழு என்றால் தரம் குறையும் என்று ஒரு பயம் நம் தொழிலில் உண்டு. கை ஸ்ப்ளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) செய்வதற்கும் சென்சரி (புலனுணர்வு) மதிப்பீட்டுக்கும் அந்தப் பயம் நியாயம். அவற்றைத் தனியாகவே வையுங்கள்.

‘எக்ஸர்சைஸ்’ என்று எழுதும் டாக்டர்கள் விஷயம். எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் அவர்களில் பலருக்கு நாம் என்ன செய்கிறோம் என்று நிஜமாகவே தெரியாது. எம்.பி.பி.எஸ். படிப்பில் நம்மைப் பற்றி எவ்வளவு வருகிறது என்று உங்கள் மையத்திலேயே யாரையாவது கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகாதீர்கள். சீட்டைத் திருப்பி அனுப்பும்போது இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: எந்தக் காரியத்துக்காக வேலை செய்கிறோம், எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்திருக்கிறது. குழந்தை நல மருத்துவர் ஒருவராவது அதைப் படிப்பார். ஒருவர் போதும். பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும் எடை குறைந்த, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளை உங்களிடம் நேராக அனுப்ப அவர் ஏற்பாடு செய்தால், மூன்று வயதில் விறைத்துப்போன கையோடு வரும் குழந்தையை மூன்று மாதத்திலேயே பார்ப்பீர்கள். 2013ல் தேசிய சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. தொடங்கியபோது இந்த மையங்களுக்குச் சொன்ன நோக்கமே அதுதானே? நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை என்று போய்க் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் சில குழந்தைகளுக்குத் தாமதமாகிவிடும்.

முகாம் வேலையைப் பற்றி: மறுக்காதீர்கள், ஒப்பந்த ஊழியர் மறுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கணக்கு வையுங்கள். எந்தத் தேதியில் எந்த முகாம், அன்றைக்கு எத்தனை குழந்தைகளின் தெரபி ரத்தானது, அதில் எத்தனை பேர் வெளியூரிலிருந்து வந்து திரும்பினார்கள். மாதக் கடைசியில் அதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, மையத்தின் பொறுப்பு மருத்துவர் வழியாக மேலே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புகார் தொனி வேண்டாம். ‘முகாம்களை வாரத்தின் ஒரே நாளில் வைத்தால் மற்ற நாட்களில் சிகிச்சை தடைபடாது’ என்று ஒரு யோசனையோடு முடியுங்கள். வாயால் சொன்ன குறை காற்றோடு போகும். கோப்பில் ஏறிய குறைக்கு யாராவது என்றைக்காவது பதில் சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரு கேள்வி, ஒரு குழு நாள், அவ்வளவு போதும் முதல் இரண்டு மாதத்துக்கு.

இனி சம்பளம். ‘சேவை மனப்பான்மை’ என்ற சொல்லை யாராவது உங்களிடம் எடுத்தால், அவருடைய சம்பளம் காலமுறை ஊதியமா என்று மனசுக்குள்ளாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஏழைக் குழந்தைகளுக்கு வேலை செய்கிறீர்கள் என்பதற்காக நீங்களும் ஏழையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 1959ல் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர், சம்பளம் போன்றவை குறைந்தால் அதிருப்தி வரும், கூடினாலும் திருப்தி வராது, திருப்தி வருவது வேலையிலிருந்துதான் என்றார். நிர்வாகிகளுக்கு ரொம்பப் பிடித்த கோட்பாடு, ஏனென்று சொல்லத் தேவையில்லை. மனிதர்கள் நல்லது நடந்தால் தன்னால் என்றும் கெட்டது நடந்தால் சூழலால் என்றும் சொல்வது வழக்கம், அதைத்தான் அவர் அளந்துவிட்டார் என்று அப்போதே விமர்சனமும் வந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வாடகை கட்ட முடியாதவருக்கு வேலையின் அர்த்தம் சோறு போடாது.

‘என்றைக்காவது பெர்மனென்ட் ஆகும்’ என்று வீட்டில் சொல்வதை அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2006ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்காலிகமாக நீண்ட காலம் வேலை பார்த்ததாலேயே நிரந்தரமாக்கக் கேட்பது உரிமையாகாது என்று சொல்லிவிட்டது. 2016ல் பஞ்சாப் வழக்கொன்றில், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் அடிமட்டச் சம்பளமாவது தர வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் இன்னொரு வழக்கில், உமாதேவி தீர்ப்பைக் காட்டி நீண்டகால ஊழியர்களை ஏமாற்றக் கூடாது என்று அரசுத் துறைகளைக் கண்டித்தது. காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது, உண்மைதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் நடந்த வழக்குகள். தனியாகப் போராடாமல் சங்கத்தோடு சேருங்கள். உங்கள் நியமன ஆணைகள், புதுப்பிப்பு ஆணைகள், சம்பளச் சீட்டுகள் ஐந்து வருடத்துக்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நம் பதவிக்கு அறிவிப்பு விடுவது எப்போதாவதுதான். வந்தால் விடாமல் எழுதுங்கள், வயது வரம்பை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நம்மையும் பட்டியலில் சேர்த்துப் பதிவேட்டுக்கு வழி செய்திருக்கிறது. பதிவு விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம்.

மாலையில் தனியாகத் தெரபி பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்ப்பதில் தப்பில்லை. ஒரே ஒரு கோடு: காலையில் மையத்தில் பார்க்கும் குழந்தையை மாலையில் காசுக்குப் பார்க்கக் கூடாது, அந்த அம்மாவே கெஞ்சினாலும். அந்தக் கோட்டைத் தாண்டிய அன்றிலிருந்து காலையில் கொடுக்கும் பத்து நிமிடம் தன்னால் எட்டாகும்.

விட்டுவிடலாமா என்பதற்கு வருகிறேன். அடுத்த புதுப்பிப்புக்கு முந்தைய மாதத்தைக் காலண்டரில் குறியுங்கள். அதுவரை மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். அந்தத் தேதியில் ஸ்பெக்டரின் ஒன்பது தலைப்புக்கும் நீங்களே மார்க் போடுங்கள். வேலையின் இயல்பும் நடைமுறைகளும் ஏறியிருந்து சம்பளம் மட்டும் அப்படியே இருந்தால், கேள்வி வெறும் பணக் கேள்வியாகச் சுருங்கிவிடும். வீட்டுச் செலவையும் தனியார் சென்டர் தரும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி முடிவெடுக்கலாம். போனால் குற்ற உணர்ச்சி தேவையே இல்லை. நடைமுறைகள் துளியும் அசையாமல், நீங்களும் அம்மாக்களிடம் எரிந்துவிழ ஆரம்பித்திருந்தால், சம்பளம் கூடியிருந்தாலும் கிளம்புங்கள். இதற்கிடையில் தூக்கம் கெடுவது, காலையில் எழவே மனம் வராதது, எதிலும் பிடிப்பில்லாதது வாரக்கணக்கில் நீடித்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். அங்கே தெரிந்த முகங்கள் என்று கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

தனியாருக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சம்பளம் கூடும், ஒரு குழந்தைக்கு முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்கலாம். பதிலுக்கு, இன்னும் பத்து சிட்டிங் தேவை என்று பெற்றோரிடம் சொல்லச் சொல்லும் முதலாளியும் சில இடங்களில் கிடைப்பார். நேர்முகத்தில், ‘ஒரு குழந்தைக்குத் தெரபி போதும் என்று முடிவு செய்வது யார்?’ என்று நீங்களே கேளுங்கள். பதிலிலேயே இடம் தெரிந்துவிடும்.

இங்கிலாந்து போன தோழியைப் பற்றி. அங்கேயும் காத்திருப்போர் பட்டியலும் ஆள் பற்றாக்குறையும் உண்டு. அவர்களிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் பதவி உயர்வுக்கான ஏணி. அங்குள்ள தேசிய சுகாதாரச் சேவையில் ஐந்தாம் பேண்டில் (ஊதியப் படிநிலையில்) சேர்கிறவருக்கு ஆறும் ஏழும் எங்கே இருக்கின்றன, அதற்கு என்ன தகுதி வேண்டும் என்று முதல் நாளே தெரியும். நம் ஊரில் ஐந்து வருடம் முடித்த உங்களுக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் பதவியின் பெயர் ஒன்றுதான். இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கியதே ஒரு பொது மருத்துவமனையில், 1950ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், கமலா நிம்ப்கரின் முயற்சியால்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மாவட்ட அளவில் ஒரு முதுநிலைப் பதவியைக்கூட ஒழுங்காக உருவாக்காதது அரசின் குறை. அதைச் சங்கம் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாடு உங்கள் கணக்கில் இருந்தால், முதலில் நீங்கள் படித்த கல்லூரியின் பாடத்திட்டம் உலக ஆக்குபேஷனல் தெரபி சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்றதா, நீங்கள் படித்த ஆண்டுகளில் அது இருந்ததா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் எச்.சி.பி.சி. (சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு இல்லாமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்க முடியாது. அதற்குப் பாட விவரங்கள், மருத்துவமனைப் பயிற்சி மணிநேரம், அனுபவச் சான்று எல்லாம் வேண்டும். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் அந்தக் காகிதங்களை வாங்குவதற்கே மாதங்கள் பிடிக்கும். போவதா இல்லையா என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம், அந்தக் காகிதங்களுக்கான விண்ணப்பத்தை இந்த மாதமே போட்டு வையுங்கள்.